கல் போர்த்திய பனியாறுகள்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் வந்த இமயமலைப் பனியாறுகள் பற்றிய கட்டுரையில், அவற்றில் பலவற்றின் கீழ்ப்பகுதி கல்லும் மண்ணும் மூடிக் கிடக்கிறது என்று ஒரு வரி இருந்தது. வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கேட்டிருக்கின்றன. அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

ஐஸ் கட்டியை உமிக்குள் புதைத்து வைத்தால் எளிதில் கரையாது. பனியாற்றின் மேல் கல் கிடப்பதும் அப்படித்தானே? ஆனால் கறுப்புத் தூசி படிந்தால் பனி வேகமாக உருகும் என்றும் படிக்கிறோம். எது சரி?
– வாசகர், தூத்துக்குடி

இரண்டும் சரி. மேலே கிடப்பது எத்தனை செ.மீ. தடிமன் என்பதைப் பொறுத்தது.

வெறும் பனிக்கட்டி, தன்மேல் விழும் வெயிலில் சுமார் 30 முதல் 40 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். கல் 10 முதல் 25 சதவீதத்தைத்தான் திருப்பும். மிச்சத்தை விழுங்கிச் சூடாகும். மண் மெல்லியதாக, ஒரு செ.மீ. அளவில் படிந்திருந்தால் அந்தச் சூடு உடனே அடியிலிருக்கும் பனியைச் சேர்ந்துவிடுகிறது. அங்கே உருகல், வெறும் பனியில் இருப்பதைவிட அதிகம். தடிமன் கூடக்கூடக் கதை மாறுகிறது. கல்லின் மேற்பரப்பு சூடாவது என்னவோ உண்மைதான்; வெயில் நாளில் 30 டிகிரியைக்கூடத் தாண்டும். ஆனால் அந்தச் சூட்டில் பெரும்பங்கு காற்றுக்கும் வானுக்கும் திரும்பிப் போய்விடுகிறது. கற்களுக்கிடையே கடத்தப்பட்டுக் கீழே இறங்குவது கொஞ்சம்தான்.

ஸ்வீடனின் கெப்னெகைசே மலைப்பகுதியில் அளந்து, இந்த உறவை ஒரு வளைகோடாக 1959இல் வெளியிட்டவர் குன்னார் ஓஸ்ட்ரெம். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. வளைகோடு முதலில் ஏறி, ஓரிரு செ.மீ. தடிமனுக்குள் உச்சம் தொட்டு, பிறகு சரசரவென்று இறங்கும். உருகல் மறுபடி வெறும் பனியின் அளவுக்கே வந்து நிற்கும் தடிமனை எல்லைத் தடிமன் என்கிறோம். இடம், கல்லின் வகை, ஈரம் ஆகியவற்றைப் பொறுத்து அது 2 செ.மீ. முதல் 10 செ.மீ. வரை இருக்கும். அதற்கு மேல் உங்கள் உமிக் கணக்கு பொருந்தும்.

எவ்வளவு பொருந்தும் என்பதை நீங்களே கணக்கிடலாம். கல் அடுக்கின் வெப்பக் கடத்துதிறன், மீட்டருக்கும் கெல்வினுக்கும் சுமார் 1 வாட் என்று கொள்வோம். மேற்பரப்பின் நாள் சராசரி வெப்பநிலை 10 டிகிரி, அடியில் பனி 0 டிகிரி. தடிமன் 10 செ.மீ. என்றால் சதுர மீட்டருக்கு 100 வாட் கீழே இறங்கும். ஒரு கிலோ பனி உருக 3,34,000 ஜூல் வேண்டும். ஆக ஒரு நாளில் சதுர மீட்டருக்கு உருகுவது சுமார் 26 கிலோ, அதாவது 26 மி.மீ. உயரத் தண்ணீர். தடிமன் 50 செ.மீ. ஆனால் 5 மி.மீ.; ஒரு மீட்டர் ஆனால் 2.6 மி.மீ. இதில் ஒரு நுட்பமும் உண்டு. பகலின் சூடும் இரவின் குளிரும் மாறிமாறி அடிக்கும் அலை, ஒவ்வொரு 12, 13 செ.மீ. ஆழத்துக்கும் மூன்றில் ஒரு பங்காகத் தேய்ந்துவிடும். அரை மீட்டர் கல்லுக்கு அடியில் இருக்கும் பனிக்குப் பகலும் இரவும் ஏறக்குறைய ஒன்றுதான்.

அவ்வளவு கல் எங்கிருந்து வருகிறது?
– எட்டாம் வகுப்பு மாணவி, நாமக்கல்

சுற்றியுள்ள பாறைச் சுவர்களிலிருந்து. விரிசல்களில் புகுந்த நீர் உறைந்து பாறையைப் பிளக்கிறது. கற்கள் தனியாகவும் பனிச்சரிவோடு சேர்ந்தும் விழுகின்றன. மேல்பகுதியில் விழும் கல்லைப் புதுப்பனி மூடிப் புதைத்துவிடும். அது பனியோடு பல ஆண்டுகள் உள்ளே பயணம் செய்து, உருகல் மிகுந்த கீழ்ப்பகுதியில் வெளியே வரும். பனி உருகி ஓடிவிடும், கல் அங்கேயே தங்கிவிடும். கீழே போகப்போகப் பனியின் நகர்வும் மெதுவாகிறது. அதனால்தான் மேலே தூவியதுபோல் தொடங்கும் கல், முகப்புக்கு, அதாவது பனியாறு முடியும் கீழ் நுனிக்கு, அருகே மீட்டர் கணக்கில் தடிக்கிறது.

செங்குத்துச் சுவர்கள் சூழ்ந்த கங்கோத்ரி, எவரெஸ்ட் அடிவாரத்துக் கும்பு, காரகோரத்தின் பால்டோரோ எல்லாம் இந்த வகை. இமாச்சலப் பிரதேசத்தில் பக்கத்துப் பக்கத்துப் பனியாறுகளே வேறுபடும்: படா ஷிக்ரியின் கீழ்ப்பகுதி முழுக்கக் கல், சோட்டா ஷிக்ரி பெரும்பாலும் வெறும் பனி. உலக அளவில் மலைப் பனியாறுகளின் பரப்பில் சுமார் 7 சதவீதம் கல் மூடியது என்கிறது 2020இல் வெளியான ஒரு கணக்கெடுப்பு. சில சமயம் ஒரே நாளில் மூடிவிடுவதும் உண்டு. 1964 மார்ச் 27 அன்று அலாஸ்காவை உலுக்கிய நிலநடுக்கத்தில் ஒரு மலைச்சரிவு ஷெர்மன் பனியாற்றின் கீழ்ப்பகுதியில் பெரும்பங்கை மூடியது. அதுவரை பின்வாங்கிக்கொண்டிருந்த அந்தப் பனியாறு, அதன் பிறகு மெல்ல முன்னேறியது.

தடித்த கல் பனியைக் காக்கிறது என்றால், கல் மூடிய பனியாறுகளும் வெறும் பனியாறுகளுக்கு இணையாக மெலிகின்றன என்று செயற்கைக்கோள் ஆய்வுகள் எப்படிச் சொல்கின்றன? முரணாக இருக்கிறதே.
– கல்லூரிப் பேராசிரியர், திருச்சி

இந்தத் துறையை நெடுங்காலம் குழப்பிய கேள்வி இது. 2003 முதல் 2008 வரை ஐஸ்சாட் செயற்கைக்கோளின் லேசர் அளந்த உயரங்களை வைத்து 2012இல் வந்த ஆய்வு, ஒரே உயரத்தில் ஒப்பிட்டால் இமயமலைப் பகுதியில் இரு வகையும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் தாழ்வதைக் காட்டியது. அப்படியானால் ஓஸ்ட்ரெம் வளைகோடு தவறா என்ற கேள்வி எழுந்தது. தவறில்லை. செயற்கைக்கோள் அளப்பது வேறு, வளைகோடு சொல்வது வேறு.

செயற்கைக்கோள் பார்ப்பது மேற்பரப்பு எவ்வளவு தாழ்ந்தது என்பதை. அது உருகலின் அளவு அல்ல. உருகலிலிருந்து, மேலிருந்து நகர்ந்து வரும் பனி தூக்கிக்கொடுத்த அளவைக் கழித்தால் கிடைப்பது. ஓர் எடுத்துக்காட்டுக்கு எண்களை வைத்துக்கொள்வோம். வெறும் பனியாறு ஒன்றில் ஆண்டுக்கு 4 மீட்டர் உருகுகிறது. மேலிருந்து வரும் பனி 3 மீட்டரை ஈடுகட்டுகிறது. மேற்பரப்பு 1 மீட்டர் தாழ்கிறது. கல் மூடியதில் உருகல் 1.2 மீட்டர்தான், ஆனால் நகர்வு ஏறக்குறைய நின்றுபோனதால் வரவு 0.2 மீட்டர்; அங்கும் தாழ்வது 1 மீட்டர். விண்ணிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று. பனியில் கழி நட்டு உருகலை நேரடியாக அளப்பவருக்கு இரண்டும் வெவ்வேறு.

இது விளக்கத்தின் ஒரு பாதி. மற்றொரு பாதி, கல் போர்வை எங்கும் ஒரே சீராக இல்லை என்பது. அதில் ஆங்காங்கே கிழிசல்கள் உண்டு. கல் சரிந்து வழுக்கிப்போன இடங்களில் பனி செங்குத்துச் சுவராக வெளியே தெரியும். பக்கத்தில் பெரும்பாலும் ஒரு குட்டை இருக்கும். சுவரின் மேல் மெல்லிய அழுக்குப் பூச்சு மட்டுமே இருப்பதால் அது வெயிலை விழுங்குகிறது. எதிரிலிருக்கும் சூடான கற்களின் வெப்பமும் அதன்மேல் விழுகிறது. குட்டையின் நீர் சுவரின் அடியை அரிக்கிறது. நேபாளத்தின் சாங்ரி நுப் பனியாற்றில் 2015 முதல் 2017 வரை செய்த கணக்கில், கீழ்ப்பகுதியின் பரப்பில் 7, 8 சதவீதமே உள்ள இந்தச் சுவர்கள் மொத்த உருகலில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தந்தன. சமதளத்தில் மட்டும் கழி நட்டு அளப்பவர் இந்தப் பங்கை முழுமையாகத் தவறவிடுவார்.

சுவர்கள் மட்டுமே காரணம் என்று முதலில் பலர் நம்பினார்கள். நான்கில் ஒரு பங்கு பெரிதுதான், ஆனால் வளைகோடு சொல்லும் குறைந்த உருகலுக்கும் செயற்கைக்கோள் காணும் தாழ்வுக்கும் இடையிலான முழு இடைவெளியையும் அதனால் நிரப்ப முடியாது. நகர்வு மெதுவானதுதான் இந்தப் புதிரின் முக்கியமான விடை என்பது எங்கள் கருத்து.

எங்கள் ஊர் நூலகத்தில் பேச வந்த ஒருவர், பல இமயமலைப் பனியாறுகளின் முகப்பு நகரவே இல்லை, ஆகவே அச்சம் தேவையில்லை என்றார். உண்மையா?
– வாசகர், காரைக்குடி

முதல் பாதி உண்மை. “ஆகவே” என்பதுதான் தவறு.

இமயமலையும் அதை ஒட்டிய மலைத்தொடர்களும் சேர்ந்த பகுதியில் 286 பனியாறுகளை 2000 முதல் 2008 வரை செயற்கைக்கோள் படங்களில் தொடர்ந்த ஓர் ஆய்வு 2011இல் வெளிவந்தது. பருவமழையின் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளில் 65 சதவீதத்துக்கும் மேலானவை பின்வாங்கிக்கொண்டிருந்தன. ஆனால் தடித்த கல் மூடி, சரிவு குறைந்து, அசைவற்றுக் கிடந்தவற்றின் முகப்பு அநேகமாக அதே இடத்தில் நின்றது.

காரணம் இது. சாதாரணப் பனியாற்றில் முகப்பில்தான் உருகல் உச்சம். அதனால் அது நீளத்தில் குறுகும். கல் மூடியதில் முகப்பில்தான் போர்வை மிகத் தடிப்பு. உருகல் உச்சம், கல் மெலிதாகத் தொடங்கும் நடுப்பகுதிக்கு ஏறிவிடுகிறது. நடுப்பகுதி பள்ளமாகத் தாழ, மேற்பரப்பின் சரிவு குறைய, பனியை முன்தள்ளும் விசையும் குறைகிறது. கீழ்ப்பகுதி உயிரோட்டம் இழந்து, நீளம் மாறாமல் உள்ளுக்குள் வற்றுகிறது. இந்த நடத்தையைக் கணித மாதிரியில் வைத்து ஆர்கா பானர்ஜியும் ஆர். சங்கரும் 2013இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சங்கர், சென்னைத் தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர். காலநிலை சூடான பிறகு, முகப்பு பெரிதாக நகராமலே பனியாறு நிறையை இழக்கும் ஒரு நீண்ட இடைக்காலம் உண்டு என்பதை அது காட்டியது. அந்த இடைக்காலத்தில் முகப்பை மட்டும் அளந்தால் நோய் தெரியாது.

கல் மூடிய எல்லாமே முகப்பு நகராதவை என்றும் எண்ணிவிட வேண்டாம். கங்கோத்ரி கல் மூடியதுதான், சுமார் 30 கி.மீ. நீளம், அதன் முகப்பான கோமுக் பல பத்தாண்டுகளாகப் பின்வாங்கி வருகிறது. எனவே ஒரு பனியாற்றின் நலத்தைப் பற்றி யார் பேசினாலும், அவர் சொல்வது நீளமா, தடிமனா, மொத்த நிறையா என்று முதலில் கேளுங்கள்.

முதுநிலைப் புவியியல் மாணவன். கல்லுக்கு அடியில் பனி எவ்வளவு உருகுகிறது என்பதைக் களத்தில் எப்படி அளக்கிறார்கள்? எங்கே பிசகும்?
– மாணவர், கோயம்புத்தூர்

கருவி எளியது: மூங்கில் கழி. வேலைதான் கடினம்.

கழி நடும் இடத்தில் பனி தெரியும்வரை குழி தோண்டுங்கள். மேலே பெருங்கல், கீழே சரளை, பனியை ஒட்டி ஈரமான பொடிமண் என்று அடுக்கு இருக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனிக் குவியலாகப் போடுங்கள். பனியில் நீராவித் துளைப்பானால் துளையிட்டு, கழியை இறக்கி, அடுக்குகளை எடுத்த வரிசைக்குத் தலைகீழாக மூடுங்கள். வரிசை மாறினால் வெப்பக் கடத்தல் மாறும். உங்கள் கழி வேறொரு பனியாற்றை அளக்கும். அரை மீட்டர் கல்லுக்கு அடியில் ஒரு பருவத்துக்கு ஓரிரு மீட்டர் துளை போதும். வெறும் பனியில் அதைப்போல் பல மடங்கு ஆழம் வேண்டும், இல்லாவிட்டால் பருவம் முடிவதற்குள் கழி சாய்ந்து விழுந்துவிடும்.

ஒவ்வொரு முறையும் கழியின் உச்சியிலிருந்து கல்லின் மேற்பரப்பு வரை அளக்க வேண்டும். தோண்டி மூடிய மண் முதல் சில நாட்களில் அமிழும். அதை உருகல் என்று எழுதிவிடாதீர்கள். சரிவில் கல் நகர்ந்து தடிமன் மாறும். பருவத் தொடக்கத்திலும் முடிவிலும் கழிக்குப் பக்கத்தில் சிறு குழி தோண்டித் தடிமனைச் சரிபாருங்கள். 5, 15, 30 செ.மீ. ஆழங்களிலும் பனியைத் தொடும் இடத்திலும் வெப்பநிலை உணரிகளைப் பதித்தால், கழியின் எண்ணோடு ஒப்பிட்டுக் கடத்துதிறனையும் கணிக்கலாம்.

பெரிய பிசகு கருவியில் இல்லை, இடத்தேர்வில் இருக்கிறது. ஒரு மீட்டர் கல்லைத் தோண்டுவது அரை நாள் வேலை. அதனால் குழிகள் தாமாகவே மெலிந்த இடங்களில் குவியும். மொத்த உருகல் மிகையாக வரும். அடுத்தது சராசரி. பாதிப் பரப்பில் 10 செ.மீ., பாதியில் 90 செ.மீ. கல் இருப்பதாக வையுங்கள். சராசரித் தடிமன் 50 செ.மீ. என்று எடுத்து, முதல் பதிலில் உள்ள சூத்திரத்தில் போட்டால் நாளுக்கு 5 மி.மீ. வரும். இரண்டையும் தனித்தனியே கணக்கிட்டு, பிறகு சராசரி எடுத்தால் 14 மி.மீ. ஏறக்குறைய மூன்று மடங்கு! தடிமனைச் சராசரி எடுக்காதீர்கள், உருகலைச் சராசரி எடுங்கள். வெறும் பனியாற்றில் கழிகளை உயரவாரியாகத் தொகுப்பது வழக்கம். இங்கே தடிமன்வாரியாகத் தொகுப்பதே பொருத்தம். பத்து மீட்டர் தள்ளிப் போனாலே தடிமன் பல மடங்கு மாறும், உயரமோ மாறியிருக்காது.

இன்னொன்று: சுவர்களிலிருந்து பனிச்சரிவால் ஊட்டம் பெறும், உத்தராகண்டின் சதோபந்த் போன்ற பனியாறுகளில், பனி வந்து விழும் இடம் ஆபத்தானது. அங்கே யாரும் கழி நட மாட்டார்கள். வரவு கணக்கில் ஏறாமல் போவதால், நிறை இழப்பு உள்ளதைவிடக் கடுமையாகத் தெரியும். கழிக் கணக்கை எப்போதும் செயற்கைக்கோள் உயர வேறுபாட்டோடு வைத்துப் பாருங்கள்.

செயற்கைக்கோள் படத்தில் கல் மூடிய பனியாற்றின் எல்லையை எப்படி வரைவது? கணினி அதை வெறும் மலை என்கிறது.
– வாசகி, பெங்களூரு

கணினியைக் குறைசொல்ல முடியாது. பனி, சுமார் 1.6 மைக்ரோமீட்டர் அலைநீள அகச்சிவப்பை விழுங்கும் என்பதை வைத்துத்தான் தானியங்கி முறை பனியைப் பிரிக்கிறது. மேலே இருப்பது கல் என்றால் அந்தத் தந்திரம் பலிக்காது. சரிவு குறைந்த பகுதியைத் தேர்ந்து, வெப்பப் படத்தில் சுற்றியுள்ள தரையைவிடக் குளிர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தடித்த கல்லில் இதுவும் ஏமாற்றும். இரு காலத்து ரேடார் படங்களை ஒப்பிட்டால், அசையும் பரப்பு தனித்துத் தெரியும். கடைசியில் கண்ணால் பார்த்துத் திருத்துவதைத் தவிர்க்க முடியாது: குட்டைகள், பனிச்சுவர்கள், முகப்பிலிருந்து நீர் வெளிவரும் வாய் ஆகியவை நம்பகமான அடையாளங்கள்.

கல் காப்பாற்றுகிறது என்றால், நாமே பனியாறுகளின் மேல் கல் பரப்பினால் என்ன?
– வாசகர், திருநெல்வேலி

ஒரு சதுர கி.மீ.க்கு அரை மீட்டர் பரப்ப 5 லட்சம் கன மீட்டர் கல் வேண்டும். கன மீட்டருக்கு 1.8 டன் என்றால் 9 லட்சம் டன். 20 டன் லாரியில் 45,000 நடை. 4,000 மீட்டருக்கு மேல் அதற்குச் சாலை கிடையாது. அப்படியே பரப்பினாலும் பனி நகரும், போர்வை கிழியும், விளிம்புகளில் மெலிந்த இடங்களில் உருகல் முன்னைவிடக் கூடும். சுவிட்சர்லாந்தின் ரோன் பனியாற்றில் ஒரு பனிக்குகையைக் காக்க வெள்ளைத் துணி போர்த்துகிறார்கள். துணிக்கு அடியில் உருகல் பாதிக்கு மேல் குறைகிறது. ஒரு சுற்றுலா இடத்துக்கு அது சரிவரும், ஒரு மலைத்தொடருக்கு வராது. இயற்கையான போர்வையும் உருகலைத் தள்ளிப்போடுகிறதே தவிர நிறுத்துவதில்லை. புவி வெப்பம் 1.5 டிகிரியில் நின்றால்கூட, ஆசிய உயர்மலைகளின் பனி நிறையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்த நூற்றாண்டு முடிவதற்குள் போய்விடும் என்று 2017இல் வந்த கணிப்பு, கல் போர்வையையும் கணக்கில் எடுத்துச் சொன்னதுதான்.

கல் மூடிய பனியாறுகளில் ஏரிகள் உண்டாகி உடைகின்றன என்கிறார்களே?
– வாசகர், மதுரை

அசைவற்றுப்போன கீழ்ப்பகுதியில் சரிவு 2 டிகிரிக்கும் குறைந்தால் உருகுநீர் வடியாமல் தேங்கும். முதலில் தனித்தனிக் குட்டைகள். பனிக்குள் இருக்கும் சுரங்க வழிகளில் அவை அவ்வப்போது வடிந்துவிடும். மேற்பரப்பு தாழ்ந்து, முகப்பைச் சுற்றியுள்ள மொரெய்ன் எனப்படும் கல்மேட்டின் வழிவு மட்டத்துக்கு வந்துவிட்டால் வடிய வழியில்லை. குட்டைகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஏரியாகும். நேபாளத்தின் இம்ஜா ஏரி இப்படித்தான் வளர்ந்தது. 1950களில் அங்கே ஏரி இல்லை, இன்று அதன் பரப்பு ஒரு சதுர கி.மீ.க்கு மேல். 2016இல் வாய்க்கால் வெட்டி, நீர்மட்டத்தை 3 மீட்டருக்கு மேல் இறக்கினார்கள். அதே நாட்டின் சோ ரோல்பா ஏரியில் அதே வேலை 2000இல் முடிந்தது.

எல்லா வெள்ளத்துக்கும் இந்த ஒரே கதையைச் சொல்லக்கூடாது. 2023 அக்டோபரில் சிக்கிமின் தெற்கு லோனாக் ஏரி உடைந்தது, பக்க மொரெய்ன் சரிந்து நீருக்குள் விழுந்ததால். 2013 ஜூன் 17 அன்று கேதார்நாத்துக்கு மேலே உடைந்த சோராபரி ஏரி, பனியாற்றின் மேல் இருந்ததல்ல; பக்க மொரெய்னுக்கு வெளியே மழைநீரும் பனிநீரும் தேங்கியது.

கோமுக் வழியாகத் தபோவனம் போகிறோம். கல் மூடிய பனியாற்றில் நடக்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?
– மலையேற்றக் குழு, சென்னை

அனுமதியும் உள்ளூர் வழிகாட்டியும் இல்லாமல் போகவேண்டாம். குறுக்கே கடப்பதைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். வெயில் ஏறினால் பனிச்சுவர்களிலிருந்து கல் உதிர்வது கூடும். சுவருக்கு அடியில் நிழல் கிடைக்கிறதே என்று உட்காராதீர்கள், குட்டையின் ஓரத்தில் கூடாரம் போடாதீர்கள். மிகவும் வழுக்குவது வெள்ளைப் பனி அல்ல, ஓரிரு செ.மீ. ஈரச் சரளை பூசிய சரிவு: காலுக்குத் தரை போலவே தோன்றும், அடியில் கண்ணாடி போன்ற பனி இருக்கும். கால் வைக்கும் முன் கோலால் தட்டிப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் ஈரமாகப் பளபளத்தால் சுற்றிப் போங்கள். சென்ற ஆண்டு போய்வந்தவர்கள் தந்த பாதைக் குறிப்பை நம்பி இறங்கவும் வேண்டாம். ஒரு கோடைக்குள் சுவர்கள் பல மீட்டர் பின்னுக்குப் போய்விடும், பாதையும் அவற்றோடு இடம் மாறிவிடும்.